முடிச்சு வேற, சிக்கல் வேற

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு வணக்கம்.

உங்க பேப்பரோட சினிமா பக்கத்துல அப்பப்ப வெளிநாட்டு சீரிஸ் பத்தி எழுதுறீங்க, விடாம படிக்கிறேன். ஆனா ஒரு குறை. முதல் சீசன்னா அரைப்பக்கம், ரெண்டாவது சீசன்னா "முதல் சீசன் அளவுக்கு இல்லை"ன்னு ஒத்த வரி, அவ்ளோதான். ஏன் இல்ல, எந்த இடத்துல கோட்டை விட்டாங்க, அதை யாராச்சும் உக்காந்து சொல்லணும்ல சார். எட்டு எபிசோடு கண்ணு முழிச்சுப் பாத்தவனுக்கு அந்த ஒத்த வரி பத்தாது. அதான் நானே எழுதிடலாம்னு பேனாவை எடுத்தேன், முதல்ல நல்ல தமிழ்லதான் ஆரம்பிச்சேன், ரெண்டு பாராவுக்கு மேல வண்டி ஓடல, எனக்குக் கோபம் பேச்சுத் தமிழ்லதான் வருது, அதனால பேசுற மாதிரியே எழுதிட்டேன். நீளமா இருந்தா வெட்டிப் போட்டுக்கங்க.

விஷயம் என்னன்னா ட்ரூ டிடெக்டிவ்னு ஒரு அமெரிக்கத் துப்பறியும் சீரிஸ், சீசனுக்கு சீசன் புதுக் கதை, புது ஆளுங்க, அதோட ரெண்டாவது சீசன். எச்பிஓ சேனல்ல 2015-ல வந்தது. கதையை முடிவு வரைக்கும் போட்டு உடைக்கப் போறேன், பாக்காதவங்க இத்தோட பக்கத்தைத் திருப்பிடுங்க. அந்தக் காலத்து சீரிஸுக்கு இப்ப போய் ஸ்பாய்லர் எச்சரிக்கையான்னு சிரிக்காதீங்க, நானே போன மாசம்தான் பாத்து முடிச்சேன்.

முதல் சீசனைப் பத்திச் சொல்லாம இதைப் பேச முடியாது. 2014 ஜனவரியில ஆரம்பிச்சு மார்ச்ல முடிஞ்சுது, எட்டே எபிசோடு. அமெரிக்காவுல லூசியானா மாநிலம், 1995, கரும்புக் காட்டுல ஒரு மரத்தடியில தலையில மான் கொம்போட மண்டி போட்ட மாதிரி ஒரு பொண்ணோட பிணம். கேஸை எடுக்குறது ரெண்டு போலீஸ்காரங்க, மேத்யூ மெக்கானஹே, வுடி ஹாரல்சன். அப்புறம் 2012-ல இவங்க ரெண்டு பேரையும் தனித்தனியா உக்கார வச்சு வேற ரெண்டு போலீஸ்காரங்க அந்தப் பழைய கேஸைப் பத்தித் துருவித் துருவிக் கேக்குறாங்க. இவங்க வாயால சொல்றது ஒண்ணு, திரையில நாம பாக்குறது இன்னொண்ணு. ஒரு இடத்துல ரெண்டு பேரும் சொல்லி வச்ச மாதிரி புளுகுறாங்க, புளுகுன்னு நமக்குத் தெரியுது, கேள்வி கேக்குறவங்களுக்குத் தெரியல. அந்த இடத்துல நாமளும் அந்தக் கேஸ்ல கூட்டாளி ஆயிடுறோம் சார், அதுக்கு மேல எந்திரிச்சுப் போக முடியுமா.

என் தங்கச்சிக்கு ஒரு பழக்கம் உண்டு. துப்பறியும் கதைன்னா ஒரு நோட்டை எடுத்து வச்சுக்கிட்டு பேரு எழுதுவா, யாரு மேல சந்தேகமோ அவங்க பேருக்குக் கீழ கோடு போடுவா, சந்தேகம் ஜாஸ்தியானா ரெண்டு கோடு. முதல் சீசனுக்கு அவ நோட்டுல அரைப்பக்கம் கூட ரொம்பல. ரெண்டாவது சீசன்ல நாலாவது எபிசோட்லயே மூணு பக்கம், அம்புக்குறி, கேள்விக்குறி, அடிச்சுத் திருத்தினது, ஒரு ஆள் பேருக்குப் பக்கத்துல "இவன் யாரு??"ன்னு. அஞ்சாவது எபிசோட்ல நோட்டை மூடி வச்சுட்டு என்கிட்ட கேட்டா, "அண்ணே, செத்துப் போனவன் நல்லவனா கெட்டவனா, அதையாவது சொல்லு, அவனுக்காக வருத்தப்படணுமா வேணாமான்னு முடிவு பண்ணிக்கிறேன்." எனக்குப் பதில் தெரியல. இந்த லெட்டரே அந்தக் கேள்வியால வந்ததுதான்.

செத்தவன் பேரு பென் கேஸ்பியர். கலிபோர்னியாவுல வின்சின்னு ஒரு கற்பனை நகரம், அதோட நிர்வாகி, சிட்டி மேனேஜர்னு சொல்வாங்க. கண்ணுல ஆசிட் ஊத்தி பொசுக்கி, கொண்டு போய் ரோட்டோரம் உக்கார வச்சிருக்காங்க. இந்தக் கேஸுக்கு மூணு போலீஸ், மூணு வேற வேற டிபார்ட்மென்ட். காலின் ஃபாரல் வின்சி போலீஸ், ஏற்கெனவே ஒரு தாதாவோட பாக்கெட்டுல இருக்குற ஆளு. ரேச்சல் மெக்காடம்ஸ் வென்ச்சுரா கவுண்டி ஷெரிஃப் ஆபீஸ். டெய்லர் கிட்ச் ஹைவே பேட்ரோல்ல பைக் ஓட்டுறவரு. நாலாவதா வின்ஸ் வான், அவர்தான் அந்த தாதா, ஒழுங்கான தொழிலுக்கு மாறலாம்னு ரயில் பாதை வரப்போற நிலத்துல 50 லட்சம் டாலரைப் போட வேண்டி கேஸ்பியர் கையில குடுக்குறாரு, கேஸ்பியர் செத்துப் போறான், காசு போன இடம் தெரியல. இவ்ளோ வரைக்கும் நல்லாதான் இருக்கு, யாரு கேட்டாலும் உக்காருவாங்க. ஆனா இதுக்கு மேல ஒவ்வொரு எபிசோடுக்கும் நாலஞ்சு புதுப் பேரு வருது, மேயர், மேயரோட மகன், டாக்டர், ரஷ்யாக்காரன், மெக்சிகோ கேங்க், நிலம் வாங்குற கம்பெனி, அந்தக் கம்பெனிக்குப் பின்னாடி இன்னொரு கம்பெனி, பார்ட்டி, வைரம், ஹார்டு டிஸ்க். பாதிப் பேரு முகத்தைக் காட்டாமலே வசனத்துல மட்டும் வந்துட்டுப் போறாங்க.

முடிச்சு வேற, சிக்கல் வேற சார். முடிச்சுன்னா ஒருத்தன் போட்டது, போட்டவனுக்கு எந்த நுனியை இழுத்தா அவிழும்னு தெரியும், பாக்குற நமக்கும் ஏதோ ஒரு நுனி இருக்குன்னு நம்பிக்கை இருக்கும், அந்த நம்பிக்கையிலதான் ராத்திரி ரெண்டு மணிக்கு அடுத்த எபிசோடைத் தட்டுறோம். சிக்கல்னா நூல் உருண்டைக்குள்ள பூனை புகுந்த கதை. அதை யாரும் போடல, அதனால யாராலயும் அழகா அவிழ்க்கவும் முடியாது, பொறுமை போயி கடைசியில கத்திரிதான். முதல் சீசன் முடிச்சு, ரெண்டாவது சிக்கல். "குழப்பமா இருக்கு"ன்னு சொன்னா உடனே சில பேரு "உங்களுக்குப் புரியல, இன்னொரு தடவை பாருங்க"ன்னு கிளம்பி வருவாங்க. நான் ரெண்டு தடவை பாத்துட்டேன், புரிஞ்சும் போச்சு. புரிஞ்சப்புறம்தான் கோபம் ஜாஸ்தியாச்சு.

ஏன்னு சொல்றேன், கொலைகாரனை எப்படிக் காட்டுனாங்கன்னு மட்டும் பாருங்க. முதல் சீசன்ல மூணாவது எபிசோடு, மூடிக் கிடக்குற ஒரு பழைய ஸ்கூல், புல் வெட்டுற மெஷின் மேல உக்காந்து ஒருத்தன் வெட்டிட்டு இருப்பான், மெக்கானஹே அவன்கிட்ட ரெண்டு வார்த்தை கேட்டுட்டு இருக்கும்போதே கூட வந்தவரு ஹாரன் அடிச்சுக் கூப்பிடுவாரு, போயிடுவாரு. நாமளும் கூடவே போயிடுவோம். ஏழாவது எபிசோடு கடைசியில வேற ரெண்டு போலீஸ்காரங்க வழி கேக்க ஒருத்தன்கிட்ட வண்டியை நிறுத்துவாங்க, அதே புல் வெட்டுற மெஷின், அதே ஆளு. என் தங்கச்சி "அடப்பாவி, நான் இவன் பேரை எழுதவே இல்லையே"ன்னு நோட்டைப் புரட்டுனா. ஏமாந்துட்டோம், ஆனா நியாயமா ஏமாந்தோம், நம்ம கண்ணு முன்னாடி வச்சுட்டுதான் மறைச்சாங்க.

ரெண்டாவது சீசன்லயும் அதே வித்தையைச் செய்யப் பாத்திருக்காங்க. வின்சியில ஒரு சினிமா ஷூட்டிங் நடக்கும், அந்த செட்ல ஸ்டில் போட்டோ எடுக்குறவன் ஒருத்தன் முதல் பாதியிலேயே எட்டிப் பாத்துட்டுப் போவான். அவன்தான் கொலைகாரன். கேஸ்பியர் ஆபீஸ்ல வேலை பாத்த பொண்ணு அவனோட கூடப் பிறந்தவ. 1992-ல லாஸ் ஏஞ்சலஸ் கலவரம் நடந்தப்ப நகை வியாபாரம் பண்ண இவங்க அப்பா அம்மாவை, கலவரத்தைச் சாக்கா வச்சு, போலீஸ்காரங்களே கொன்னு வைரத்தைச் சுருட்டிட்டாங்க, கேஸ்பியர் அதுல கூட்டு, அனாதையா வளர்ந்த பிள்ளைங்க ரெண்டும் இத்தனை வருஷம் கழிச்சு வந்து பழி வாங்குதுங்க. இப்ப சொல்லுங்க, எவ்ளோ பெரிய கதை இது. கலவரத்துல அப்பா அம்மாவைப் பறி கொடுத்த ரெண்டு குழந்தைங்க, காப்பாத்த வேண்டிய போலீஸே கொன்னது, இதுல நமக்கு அழ இடம் இருக்கு, கோபப்பட இடம் இருக்கு, கொலைகாரன் தப்பிச்சுப் போகட்டும்னு நினைக்கக் கூட இடம் இருக்கு. இதையெல்லாம் கடைசி ரெண்டு எபிசோட்ல, ஆளுங்க நின்னுட்டு ஒருத்தருக்கொருத்தர் தகவல் சொல்ற மாதிரி சொல்லி முடிச்சுட்டாங்க. ரயில்வே ஸ்டேஷன் அறிவிப்பு கூட இதை விட உணர்ச்சியா இருக்கும். அந்தப் போட்டோ எடுக்குறவன் முகம் எனக்கு ஞாபகம் வரல, ஓட்டிப் போய் பாத்துட்டுத்தான் திரும்ப வந்தேன். கிளைமாக்ஸ்ல வர்ற கொலைகாரனை யாருன்னு தெரிஞ்சுக்க ரிமோட்டைத் தேடுனா அது யாரு தப்பு?

இன்னொரு ஏமாத்து. ரெண்டாவது எபிசோடு முடிவுல காலின் ஃபாரல் ஒரு வீட்டுக்குள்ள போறாரு, பறவைத் தலை மாதிரி முகமூடி போட்டவன் துப்பாக்கியால சுடுறான், விழுந்தவர் மேல நின்னு இன்னொரு தடவை கிட்டக்க வச்சு சுடுறான், திரை இருட்டாகுது. வீட்ல எல்லாரும் உறைஞ்சு போயிட்டோம், மெயின் ஹீரோவையே ரெண்டாவது எபிசோட்ல தூக்கிட்டாங்களேன்னு, உண்மையைச் சொல்றேன், அந்த ராத்திரி எனக்கு இந்த சீசன் மேல பெரிய மரியாதை வந்துச்சு. அடுத்த எபிசோட்ல எந்திரிச்சு உக்காந்துட்டாரு. கலவரக் கூட்டத்தைக் கலைக்குற ரப்பர் குண்டாம், விலா எலும்புல அடியாம். போச்சு. அதுக்கப்புறம் அந்த சீரிஸ்ல யாரு யாரைச் சுட்டாலும் "ரப்பரா இருக்கும்"னு என் தங்கச்சி சொல்ல ஆரம்பிச்சுட்டா. நாலாவது எபிசோட்ல நடுத்தெருவுல அவ்ளோ பெரிய துப்பாக்கிச் சண்டை, பஸ்ல வந்த ஜனங்க எல்லாம் செத்து விழுறாங்க, நம்ம மூணு போலீஸ் மட்டும் நடுங்கிட்டு நிக்கிறாங்க, எடுத்த விதம் அருமை, குறை சொல்ல முடியாது. ஆனா நம்பிக்கை போன வீட்டுல எவ்ளோ வெடி போட்டாலும் சத்தம்தான் கேக்கும். அடுத்த எபிசோடு ரெண்டு மாசம் தாண்டி ஆரம்பிக்குது, கேஸை மூடிட்டாங்க, ஆளாளுக்கு வேற வேலையில இருக்காங்க. கதையே கேஸை மறந்துட்டா நாம எதுக்கு ஞாபகம் வச்சுக்கணும்?

இந்த இடத்துல ஒரு நியாயம் பேசணும். முதல் சீசன்ல மெக்கானஹே பேசுறது மட்டும் என்ன லேசுப்பட்டதா, மனுஷன் பொறந்ததே தப்புங்கிற ரேஞ்சுக்குக் கார்ல போகும்போது தத்துவம் பேசுவாரு. ஆனா பக்கத்து சீட்டுல ஹாரல்சன் இருப்பாரு. நம்ம மனசுல என்ன ஓடுதோ அதை அவரு சொல்லிடுவாரு, கொஞ்சம் வாயை மூடிட்டு வாய்யா, இந்தக் கார்ல அமைதி வேணும்னு. நமக்குச் சிரிப்பு வந்துரும், சிரிச்ச உடனே அடுத்த தத்துவத்தைக் கேக்கத் தயாராயிடுவோம். ரெண்டாவது சீசன்ல நாலு மெக்கானஹே, ஒரு ஹாரல்சன் கூட இல்ல. எல்லாரும் உம்முன்னு இருக்காங்க, எல்லாருக்கும் பழைய காயம், எல்லாரும் ராத்திரியில தூங்காம கூரையைப் பாத்துப் பேசுறாங்க. வின்ஸ் வான் பாவம், சிரிப்புப் படத்துல வாய் ஓயாம பேசி வளர்ந்த மனுஷன், அவர் வாயில கல்வெட்டு மாதிரி வசனத்தைக் குடுத்து மெதுவா படிங்கன்னு விட்டுட்டாங்க. அவரும் காலின் ஃபாரலும் அடிக்கடி சந்திச்சுப் பேசுற இருட்டு பார்ல ஒரு பொண்ணு கிடாரை வச்சுட்டு சோகமா பாடிட்டு இருக்கும், அது யாரோ கடவுளோ பேயோன்னு நான் ரெண்டு எபிசோடு சந்தேகப்பட்டேன், ஒண்ணும் இல்ல, சும்மா பாடுது. அந்த பார்ல ஒருத்தன், ஒரே ஒருத்தன், "ஏம்மா வேற பாட்டே தெரியாதா"ன்னு கேட்டிருந்தா அந்த சீசன் பொழச்சிருக்கும்.

சரி, சரக்கு இல்லாமத்தான் இப்படி ஆச்சான்னா, அதுவும் இல்ல. இதுதான் எனக்கு ரொம்ப வயித்தெரிச்சல். ஆசிரியர் சார், நீங்க பத்திரிகைக்காரர், உங்களுக்கு இது என்னை விட நல்லாப் புரியும். அந்த வின்சி நகரம் சும்மா கற்பனை கிடையாது, லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்துல வெர்னன்னு ஒரு நகரம் நிஜமாவே இருக்கு, அதை மனசுல வச்சு உருவாக்கினதுதான். முழுக்க ஃபேக்டரி, குடோன். 2010 மக்கள்தொகைக் கணக்குல அங்க குடியிருந்தவங்க 112 பேரு, எழுத்துப்பிழை இல்ல சார், நூத்திப் பன்னெண்டு. ஆனா அதுவும் ஒரு நகராட்சி, தனி போலீஸ், தனி நிர்வாகம், வேலைக்கு வந்து போறவங்க பல்லாயிரம் பேரு, ஓட்டுப் போட ஒரு பந்தி ஆளுங்க. அந்த நகராட்சியையே கலைச்சுடலாம்னு 2011-ல மாநில சட்டசபையில முயற்சி நடந்து தோத்துப் போச்சு. பக்கத்துலயே பெல்னு இன்னொரு ஊரு, நாப்பதாயிரம் பேர் கூட இல்லாத ஏழை ஊரு, அங்க சிட்டி மேனேஜரா இருந்த ராபர்ட் ரிஸ்ஸோவுக்கு வருஷச் சம்பளம் கிட்டத்தட்ட 8 லட்சம் டாலர். அமெரிக்க அதிபர் சம்பளமே அப்ப 4 லட்சம்தான். இதை 2010-ல வெளிய கொண்டு வந்தது யாரு, லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் பத்திரிகை, 2011-ல அதுக்குப் புலிட்சர் பரிசும் வாங்குனாங்க. ரிஸ்ஸோவுக்கு 2014-ல 12 வருஷம் ஜெயில்.

ரயில் விஷயமும் அப்படித்தான். கலிபோர்னியா அதிவேக ரயிலுக்கு 2008-ல ஜனங்களே ஓட்டுப் போட்டு கிட்டத்தட்ட 1,000 கோடி டாலர் கடன் பத்திரத்துக்குச் சம்மதிச்சாங்க, 2015 ஜனவரியில ஃப்ரெஸ்னோவுல பூஜை போடாத குறையா விழா எடுத்து வேலையைத் தொடங்குனாங்க. அஞ்சே மாசத்துல, ஜூன்ல இந்த சீசன் வருது, பாதை போற நிலத்தை முன்கூட்டியே வளைச்சுப் போடுற கும்பல் கதையோட. இதை விட சரியான நேரம் எந்த எழுத்தாளனுக்கு வாய்க்கும்? விஷத்தை நிலத்துல ஊத்தி விலையை இறக்கி வாங்குறது, அரசாங்கத்துக்கு அதையே ஏத்தி விக்கிறது, இதெல்லாம் கதையில இருக்கு சார், இருக்கு, ஆனா ஒரு விவசாயி முகத்தைக் கூட நாம பாக்கல. நிலத்தைப் பறி கொடுத்தவன் யாருன்னு காட்டாம நில மோசடிக் கதை சொன்னா அது மேப்புல கோடு போட்ட மாதிரிதான் இருக்கும். என் தங்கச்சி கேட்டதும் அதைத்தான்னு இப்ப தோணுது. யாருக்காக வருத்தப்படணும்? கேஸ்பியருக்காகவா?

எழுதுனவர் நிக் பிசோலாட்டோ, அடிப்படையில நாவல் எழுதுறவரு. முதல் சீசனே அவரு முதல்ல நாவலா எழுத நினைச்ச கதைன்னு சொல்லியிருக்காரு, அவ்ளோ நாள் மனசுல ஊறினது. எட்டு எபிசோடையும் ஒரே டைரக்டர், கேரி ஃபுகுநாகா, அதுக்கு எம்மி விருதும் வாங்குனாரு. நாலாவது எபிசோடு கடைசியில ஆறு நிமிஷம் வெட்டே இல்லாம ஒரே ஷாட்டு ஓடுமே, அதைப் பத்தி இன்னைக்கும் பேசுறாங்க. கடைசி எபிசோடு அன்னைக்கு எச்பிஓவோட ஆன்லைன் சேவையே கூட்டம் தாங்காம படுத்துருச்சு. இவ்ளோ பெரிய ஹிட்டு குடுத்தா எந்த முதலாளிதான் சும்மா இருப்பான், அடுத்து எப்ப, அடுத்து எப்பன்னு. முதல் சீசன் முடிஞ்சு பதினஞ்சே மாசத்துல ரெண்டாவது ஒளிபரப்பு, எழுதி, ஆள் பிடிச்சு, எடுத்து, வெட்டி ஒட்டி எல்லாமே அதுக்குள்ள. இந்தத் தடவை ஒரே டைரக்டரும் கிடையாது, முதல் ரெண்டு எபிசோடை ஜஸ்டின் லின், அப்புறம் வேற வேற ஆளுங்க. 2016 ஆரம்பத்துல எச்பிஓவுல நிகழ்ச்சிகளுக்குத் தலைவரா இருந்த மைக்கேல் லொம்பார்டோவே ஒரு பேட்டியில ஒத்துக்கிட்டாரு, தப்பு எழுத்தாளர் மேல இல்ல எங்க மேல, அவசரப்படுத்தினது நாங்கதான்னு. பெரிய மனசுதான், ஆனா குக்கர்ல விசில் வர்றதுக்கு முன்னாடியே மூடியைத் திறந்தது நான்தான்னு சாப்பாடு பரிமாறுனப்புறம் சொல்லி என்ன பிரயோஜனம்?

நம்ம மேலயும் தப்பு இருக்கு, அதையும் எழுதிடுறேன், இல்லாட்டி ஒருதலைப்பட்சம்னு சொல்வீங்க. 2014-ல நடிகர்கள் பேரை அறிவிக்குறதுக்கு முன்னாடியே இன்டர்நெட் முழுக்க ஜோடி ஜோடியா போட்டோ போட்டு, அடுத்த சீசன்ல இவங்க ரெண்டு பேரு, இல்ல அவங்க ரெண்டு பேருன்னு ஒரே கூத்து. நாம கேட்டது அடுத்த கதையை இல்ல, அதே காரு, அதே ரெண்டு பேரு, வேற முகம். கேட்டது கிடைக்கலன்னு ஒரு பாதிக் கோபம். அந்தப் பாதிக் கோபத்துக்கு நான் காசு கேக்க மாட்டேன். மீதிப் பாதி நியாயமானது.

"ரெண்டாவது சீசன்னாலே அப்படித்தான்"னு சொல்றவங்களையும் நான் ஏத்துக்க மாட்டேன். அதே 2015-ல, அக்டோபர்ல, ஃபார்கோ ரெண்டாவது சீசன் வந்துச்சு. அதுவும் சீசனுக்கு சீசன் புதுக் கதை, புது ஆளுங்க. 1979-ல நடக்குது, ஒரு ரவுடிக் குடும்பம், இன்னொரு ஊரு மாஃபியா, போலீஸ், நடுவுல தெரியாம மாட்டிக்கிட்ட ஒரு கறிக்கடைக்காரனும் அவன் பொண்டாட்டியும், பேரைக் கூட்டுனா ட்ரூ டிடெக்டிவ விட ஜாஸ்தியாத்தான் வரும். என் தங்கச்சி நோட்டே எடுக்கல. ஏன்னா ஒவ்வொருத்தரும் வந்த உடனே ஏதாவது ஒண்ணு செய்யுறாங்க, செஞ்சதை வச்சு ஞாபகம் இருக்கு, பேரை வச்சு இல்ல. அதுக்கு முன்னாடி 2003-ல தி வயர்னு இன்னொரு போலீஸ் சீரிஸோட ரெண்டாவது சீசன், முதல் சீசன்ல பழகுன தெருமுனைப் பசங்களை ஓரங்கட்டிட்டு பால்டிமோர் துறைமுகத்துக்குப் போச்சு, கன்டெய்னருக்குள்ள 13 பொண்ணுங்க பிணம். அப்ப பாத்தவங்க என்னடா இதுன்னு முழிச்சாங்க, இன்னைக்கு அதைத்தான் பெஸ்ட்டுன்னு சொல்ற ஆளுங்க இருக்காங்க. அந்தப் பதிமூணு பேரைப் பத்தி யாரும் கவலைப்படலங்கிறதையே அந்த சீசன் நம்மளைக் கவலைப்பட வைக்குது.

வேற மாதிரி கெட்ட ரெண்டாவது சீசனும் பாத்திருக்கேன், பிரிட்டன்ல வந்த பிராட்சர்ச். முதல் சீசன் 2013, ஒரு சின்னப் பையன் கொலை, ஒரு கடற்கரை ஊரு, அழ வச்சுட்டாங்க. 2015 ஜனவரியில ரெண்டாவது, கொலைகாரன் கோர்ட்ல ஏறி நான் குத்தவாளி இல்லன்னுட்டான், எட்டு எபிசோடு விசாரணை, கடைசியில விடுதலை. சாட்சி சொல்லப் போறவங்களே சாட்சி சொல்றதுக்கு முன்னாடி கோர்ட்டுக்குள்ள உக்காந்து மத்தவங்க சொல்றதையெல்லாம் கேட்டுட்டு இருப்பாங்க, சட்டம் தெரிஞ்சவங்க தலையில அடிச்சுக்கிட்டாங்க. ஆனாலும் அங்க யாருக்காக வருத்தப்படணும்னு சந்தேகமே வரல, அந்தப் பையனோட அம்மா முகம் போதும். அதனால அதை மன்னிச்சுட்டேன்.

ட்ரூ டிடெக்டிவ் ரெண்டுல மன்னிக்கத் தோணுன இடம் ஒண்ணு இருக்கு, அதைச் சொல்லாம விட்டா எனக்கே உறுத்தும். காலின் ஃபாரலுக்கு ஒரு பையன், குண்டா, செம்பட்டை முடி, பயந்த சுபாவம். பொண்டாட்டிக்கு நடந்த ஒரு கொடுமைக்கு அப்புறம் பொறந்த பையன், தன்னோட ரத்தமா இல்லையான்னு தெரியாமலே அவன் மேல உசிரா இருக்காரு, கோபத்துல அசிங்கமாவும் நடந்துக்குறாரு. கடைசி எபிசோட்ல காட்டுக்குள்ள துரத்துறாங்க, சாகப் போறோம்னு தெரிஞ்சுடுச்சு, பையனுக்கு போன்ல பேசி ஒரு மெசேஜ் அனுப்புறாரு, சிக்னல் இல்ல, அந்தக் கோடு நகருது, நகருது, போகல. ஆளு போயிட்டாரு. அப்புறம் பையனோட அம்மா, அப்பா யாருன்னு பாக்க எடுத்த டெஸ்ட் ரிசல்ட்டைப் பிரிச்சுப் பாக்குறாங்க, அவரோட பையனேதான். நான் சத்தமில்லாம எந்திரிச்சு தண்ணி குடிக்கப் போயிட்டேன். இந்த அப்பா பையன் கதைக்கு ரயிலும் வேணாம் நிலமும் வேணாம் வைரமும் வேணாம், எட்டு எபிசோடும் இதையே சொல்லியிருந்தாலும் பாத்திருப்பேன். இவ்ளோ எழுதத் தெரிஞ்ச ஆளு எதுக்கு அவ்ளோ பேரைக் கூட்டிட்டு வந்தாருன்னுதான் தாங்கல.

அதுக்கப்புறம் மூணாவது சீசனுக்கு அவசரப்படாம மூணு வருஷத்துக்கு மேல எடுத்துக்கிட்டாங்க, 2019 ஜனவரியிலதான் வந்துச்சு, மகர்ஷலா அலி, காணாமப் போன ரெண்டு குழந்தைங்க. யாருக்காக வருத்தப்படணும்னு முதல் பத்து நிமிஷத்துலயே தெரிஞ்சு போகுது.

உங்ககிட்ட நான் கேக்குறது இதுதான் சார். இந்த மாதிரி சேனல்காரங்க முதல் சில எபிசோடை மட்டும் முன்கூட்டியே விமர்சகர்களுக்கு அனுப்புறது வழக்கம், அதைப் பாத்துட்டு எழுதுறது சினிமாவுல இன்டர்வெல்லோட எந்திரிச்சு வந்து ஸ்டார் போடுற மாதிரி. கொலைக் கதைக்காவது அதைச் செய்யாதீங்க, முழுசா முடிஞ்சப்புறம் உங்க ஆளை ஒரு அரைப்பக்கம் எழுதச் சொல்லுங்க, முடிவு சரியா வந்துச்சா, தடயம் நியாயமா வச்சாங்களா, செத்தவங்க யாருன்னு நமக்குத் தெரிஞ்சுதான்னு. "முதல் சீசன் அளவுக்கு இல்லை"ங்கிற அந்த வரியை மட்டும் கொஞ்ச நாள் லீவுல அனுப்புங்க.

இப்படிக்கு,
எட்டு எபிசோடையும் ரெண்டு தடவை பாத்த வாசகன்

பி.கு.: தங்கச்சி மூணாவது சீசனுக்குப் புதுப் பக்கம் எடுத்துட்டா. ரெண்டு எபிசோடு ஆச்சு, நாலு பேருதான் எழுதியிருக்கா, ஒரு பேருக்குக் கீழ ரெண்டு கோடு. யாருன்னு கேட்டா நோட்டைக் கையால மறைச்சுக்கிறா.